ரத்தத்தில் தெரிந்த மத்தியானம்

தஞ்சாவூரில் எத்தனை பேருக்கு டெங்கு வந்து போயிருக்கிறது என்று ரத்தம் எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்த காலையில் நான் வாய் நிறைய பற்பசையோடு வாசலில் நின்றிருந்தேன். காய்ச்சல் கண்டவர்களை மட்டும் எண்ணினால் போதாதாம். வந்ததே தெரியாமல் வந்து போனவர்களும் நிறைய உண்டு, அந்தத் தடம் ரத்தத்தில் மட்டும்தான் இருக்கும் என்று, ஐஸ் பெட்டியோடு வந்த நர்ஸ் சொன்னார்.

என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. அடுத்த வீட்டுத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நின்றால்கூட உள்ளே போய்க் கவிழ்த்துவிட்டு வருவாள். எங்கள் வீட்டில் கொசுவே கிடையாது என்பது அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த விஷயம். இப்போது அதற்கு அரசாங்கச் சான்றிதழே கிடைக்கப்போகிறது என்று நினைத்துவிட்டாள்.

ஆனால் வீட்டுக்கு ஒருவரிடம்தான் எடுப்பார்களாம். மகள் சென்னையில் வேலையில் இருக்கிறாள். மீதி இருந்த எங்கள் இரண்டு பேர் பெயரையும் நர்ஸ் கைப்பேசியில் போட்டு, குலுக்கல் மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். அது என்னைக் காட்டியது.

"அவர விடுங்க சிஸ்டர். என் ரத்தத்த எடுங்க. ஒரு கொசு தொட்டதில்ல, சுத்தமா இருக்கும்."

"மாத்தக் கூடாதுங்கம்மா. கணக்கு தப்பாயிடும்."

"ஊசின்னாலே இவரு மயங்கிடுவாரு."

நான் மயங்குவதில்லை. கண்ணை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான். அன்றும் மூடிக்கொண்டேன். அதற்குள் எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றுகொண்டாள்.

"ஏன்க்கா, நடந்ததெல்லாம் ரத்தத்துல தெரிஞ்சுடுமாமே? எங்க வீட்டுக்காரரையும் எடுக்கச் சொல்லுங்களேன். போன வருஷம் வேளாங்கண்ணி போறேன்னுட்டு எங்க போயிட்டு வந்தாருன்னு எனக்கு இன்னும் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் சொல்லாத இடம் ஒன்று இருந்தது.

கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது என் வேலை. பத்தாவதோடு படிப்பு முடிந்ததும் அங்கே உட்கார்ந்தவன். சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள். தலையைத் தூக்காமல் வெட்டிக் கொடுத்துவிடலாம். யாரிடமும் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை அமையாது.

கடை மத்தியானம் இரண்டு முதல் நான்கு வரை சாத்தியிருக்கும். ஒரு காலத்தில் அந்த நேரத்தில் வீட்டுக்குத்தான் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு மகளிர் குழு மத்தியானம்தோறும் ஊறுகாய் போட எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. முதல் நாள் வாசற்படியில் கால் வைத்ததும் பதினான்கு பெண்கள் ஒரே குரலில், "வாங்கண்ணே" என்றார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன். இனிமேல் மத்தியானம் கடையைச் சாத்துவதில்லையாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவளும் நம்பிச் சோறு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சோற்றை நான் சாப்பிட்டது மச்சான் வீட்டில். மனைவியின் அண்ணன். குடவாசல் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனவர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி மாடி வீடு கட்டி, பூட்டிவிட்டு, குடும்பத்தோடு திரும்பவும் போய்விட்டார். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஒரு சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று கொடுத்த சாவியால் நான் எல்லா நாளும் திறந்தேன். சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத அவருடைய சோபாவில் நான்கு மணி வரை தூங்குவேன். யாரும் வாங்கண்ணே என்று சொல்லாத இரண்டு மணி நேரம். நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அதுதான்.

சில வாரம் கழித்து முடிவுத் தாளோடு நர்ஸ் வந்தார். என் கையில் கொடுத்தார். மனைவி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சாருக்கு எப்பவோ டெங்கு வந்து போயிருக்குங்கம்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

"எங்க வீட்டுலயா? இருக்காதுங்க. எந்தத் தெருக் கொசுன்னு போட்டிருக்கா?"

"ரத்தத்துல கொசுவோட விலாசம் இருக்காதும்மா. இது பகல்ல கடிக்கிற கொசு. கால்ல வெள்ளை வரி இருக்கும்."

மனைவி விரல் விட்டு எண்ணினாள். "காலைல எட்டரை வரைக்கும் இங்க இருக்காரு. இங்க கொசு கிடையாது. அப்புறம் பூரா கடைதான். கடையிலதான் கடிச்சிருக்கு."

"கடையில கொசு இல்லையே," என்றேன். அது உண்மை. சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப வேற எங்க?"

"கடையிலதான்."

நர்ஸ் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு, கடையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க மனைவி டார்ச் லைட்டோடு போயிருக்கிறாள். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் பிறகு என்னிடம், "அண்ணிகிட்ட நான் எதுவும் சொல்லலண்ணே. ரெண்டு மணிக்கே போயிடுவாருன்னு மட்டும்தான் சொன்னேன்," என்றார். திரும்பி வரும் வழியில் மச்சான் வீட்டு வாசலில் என் மொபெட்டைப் பார்த்திருக்கிறாள்.

கதவைத் தாழிடாமல் தூங்கியிருந்தேன். கண் விழித்தபோது முகத்தில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தது.

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாத வீட்டுல உங்களுக்கு என்ன வேல?"

"யாரும் இல்லன்னுதான் வந்தேன்."

அவள் ஒவ்வொரு அறையாகப் போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பீரோவைத் திறந்தாள். அப்போதுதான் அவள் என்ன நினைத்து வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சந்தேகப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பயத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தூங்கத்தான் வந்தேன் என்று பதினான்கு பேர் கதையைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கா? அவங்க என்ன உங்கள கடிச்சா தின்னுடுவாங்க?"

அந்த நேரம் பார்த்து என் முழங்காலில் ஒன்று உண்மையாகவே கடித்தது. காலில் வெள்ளை வரி. அவள் அடித்தாள். கொசுவுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே அடித்தாள்.

"சாவியக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். என் இரண்டு மணி நேரமும் அதோடு போனது.

பிறகு கொசு எங்கே பிறக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். குளியலறை வாளி கவிழ்ந்திருந்தது. பூந்தொட்டிகள் காய்ந்து கிடந்தன. கடைசியில் ஃப்ரிஜ்ஜை இழுக்கச் சொன்னாள். அதன் பின்னால், கீழே, தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று இருப்பது இருவருக்குமே தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் தட்டு நிறைய புழு நெளிகிறது.

"இந்த ஃப்ரிஜ்ஜ யாரு போட்டது?" என்று அதட்டினாள்.

மச்சான் அதை அணைத்துவிட்டுத்தான் போனார். குழுவில் போட்ட ஊறுகாய் பாட்டில்களுக்கு எங்கள் வீட்டில் இடம் போதவில்லை என்று கோடையில் என்னிடம் சாவி வாங்கி வந்து அதைப் போட்டுவிட்டது அவள்தான். அதட்டி முடித்த பிறகு அவளுக்கே ஞாபகம் வந்தது. சோபாவில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை சத்தமாக முனகியது.

"வெளில சொல்லிடாதீங்க."

"சொல்லல."

"எங்க அண்ணன் போன் பண்ணா?"

"சொல்லல."

"எதிர்வீட்டுக்காரி கேப்பா."

"அவகிட்ட நான் என்னைக்குப் பேசியிருக்கேன்?"

தட்டை மூன்று முறை தேய்த்துக் கழுவினாள். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். கேட்டருகில் நின்றாள்.

"வாரம் ஒரு தடவ கழுவினா போதுமாங்க?"

"தினம் பாத்தா நல்லது," என்றேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"தினமுமா?"

"பகல்லதானே அது சுத்துது. ரெண்டுலேந்து நாலு வரைக்கும் யாராவது உள்ள இருந்தா நல்லது."

என் வேட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் படுக்காதீங்க. பேண்ட் போட்டுக்கிட்டுப் படுங்க."

காலுறையும் போட வேண்டும் என்பது மறுநாள் சேர்ந்த நிபந்தனை.