செருப்புக்குள் மண்

அக்கா காலமான செய்தி டெலிபோனில் வந்தது. புல்மோட்டையில் என் கணவர் வேலை செய்யும் கந்தோருக்குத் திருகோணமலை எக்ஸ்சேஞ்சிலிருந்து அழைப்பு வந்தால், வழக்கமாக முதலில் கேட்பது அங்கே வேலை செய்த அக்காவின் குரல்தான். அன்று வேறொரு பிள்ளையின் குரல் கேட்டது. “தவமணி அக்கா காலமை எங்களை விட்டிட்டுப் போயிட்டா. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறம்” என்று அந்தப் பிள்ளை விம்மியது. கணவர் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

இது அக்காவின் கல்வெட்டுக்காக எழுதுவது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தில் இறந்தவரின் நற்குணங்களை மட்டுமே எழுதுவது வழக்கம். அக்காவின் நற்குணங்களில் ஒன்று, எதையும் மறக்காதது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் அப்பா வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தார். அவருடைய தமையனார், எங்கள் பெரியப்பா, அதே கப்பல்களுக்குக் காய்கறியும் தேங்காயும் கொடுக்கக் கொந்திராத்து எடுத்தவர். பெரியப்பாவின் பெயரை நான் எழுதவில்லை. கல்வெட்டில் பெயர் எழுதுவது ஒருவருக்குச் செய்யும் மரியாதை. ஆனாலும் மரியாதைப் பன்மையில்தான் எழுதுகிறேன். அக்கா எங்களை அப்படித்தான் பழக்கினார்.

அக்காவுக்கு நிலாவெளியில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. கலியாணத்தைப் பெரியப்பா தன் கையில் எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்து மேளம், தெரு முழுக்கப் பந்தல், கடற்படைத் துரைமாருக்குத் தனிப் பந்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனார்கள். அப்பாவின் வேலையும் போனது, பெரியப்பாவின் கொந்திராத்தும் போனது. மாப்பிள்ளை நேரே வீட்டுக்கு வந்து, “கோயிலிலை தாலி கட்டினால் எனக்குப் போதும்” என்றார். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “சின்னனாச் செய்யிறதெண்டால் செய்யவே வேண்டாம். எனக்கு ஊருக்குள்ள முகம் வேணும்” என்றார். அப்பாவுக்குத் தமையனை எதிர்த்துக் கதைக்கத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பார்த்திருந்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள்.

அக்கா அழுததை நான் காணவில்லை. கலியாணத்துக்கு வாங்கிய கூறைச்சேலையை மடித்து அலுமாரியில் வைத்தார். அடுத்த மாதம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனார். தனக்கு வந்த வேறு கலியாணப் பேச்சுக்களையெல்லாம் வேண்டாம் என்று விட்டார்.

சில வருடங்கள் கழித்து எனக்குக் கலியாணம் பேசியபோது அக்கா சொன்ன முதல் வார்த்தை, “இந்த முறை எங்கடை குசினி தாங்கிற அளவுக்குத்தான் கலியாணம்.” எல்லாவற்றையும் அக்காவே பார்த்தார். கடற்படை ஏலத்தில் போட்ட பழைய தார்ப்பாய்ப் படங்குகளை அயலாரிடம் கேட்டு வாங்கி முற்றத்தில் பந்தல் போட்டோம். கதிரைகள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தன. எனக்கு அக்கா தன் கூறையையே எடுத்துத் தந்தார். அது ஆகாது என்று அம்மா பயந்தபோது, “கட்டாத சீலைக்கு என்னம்மா குற்றம்? குற்றம் செய்த ஆள் வேறை” என்றார்.

மிச்சமிருந்தது கலியாணத்துக்குச் சொல்லுவது. எங்கள் ஊரில் கார்ட் அனுப்பினால் ஒருவரும் வரமாட்டார்கள். வெற்றிலைத் தட்டத்தோடு வீடு வீடாகப் போய் வாயால் சொல்லவேண்டும். குடும்பத்தில் மூத்தவர் முன்னே போகவேண்டும். பெரியப்பா அதற்குத்தான் காத்திருந்தார். “மண்டபம் எடுத்து முறையாச் செய்தால் நான் முன்னுக்கு வாறன். இல்லாட்டி நானும் வரமாட்டன், சொந்தத்திலை ஒரு குஞ்சும் வராது” என்று ஆள் விட்டுச் சொன்னார். ஆளில்லாத பந்தலில் தன் இரண்டாவது மகளும் தலை குனிந்து இருப்பாளோ என்று அப்பா பயந்தார்.

“நான் போய் அண்ணையின்ரை காலிலை விழுறன், பிள்ளை.”

“ஏனப்பா?” என்றார் அக்கா. “வரமாட்டன் எண்டு சொல்லுறதெண்டால் முதல்லை அவரை ஆரும் வரச் சொல்லவேணும். நாங்கள் சொல்லாட்டி அவர் எதுக்கு வராமல் நிக்கிறது?”

அக்கா தட்டத்தை எடுத்துவிட்டார். கலியாணமாகாத பெண் தட்டம் தூக்குவதா என்று கேட்டவர்களுக்கு, “எனக்குக் கலியாணம் நடக்காததும் பெரியப்பாவின்ரை உபயம்தானே” என்று பதில் சொன்னார். அம்மாவும் நானும் பின்னால் போனோம்.

நாலு வீடு தள்ளி, பெரியப்பா தன் விறாந்தையில் சால்வை போட்டுக் கதிரையில் இருந்தார். நாங்கள் வந்து கெஞ்சுவோம், தான் மறுக்கலாம் என்று எல்லா ஆயத்தமும் செய்து வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு சாட்சிகளையும் இருத்தியிருந்தார். அக்கா அவருடைய வாசற் படலையடியில் நின்றார். பெரியப்பா நிமிர்ந்து இருந்தார். அக்கா ஒரு செருப்பைக் கழற்றி, தட்டி, மண்ணை உதறி, திரும்பக் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தார்.

“தவமணி!” என்று சத்தம் கேட்டது. “எங்கை போறாய்?”

“கலியாணத்துக்குச் சொல்லப் போறம், பெரியப்பா. செருப்புக்குள்ள மண் போட்டுது, அதுதான் நிண்டனான்.”

அன்று பின்னேரத்துக்குள் துறைமுகத்திலிருந்து உப்புவெளி வரைக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. யாருக்குப் பயந்து வராமல் இருக்க எண்ணினார்களோ, அவரையே கூப்பிடாத கலியாணத்தைப் பார்க்கும் ஆசையில் சொந்தக்காரர் பலரும் வருவதாகச் சொன்னார்கள்.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. கலியாணத்தன்று விடிய, நாங்கள் பேசியிருந்த மேளக்காரர் அதே முகூர்த்தத்துக்கு மூதூருக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அனுப்பியவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம் இல்லாவிட்டால் கெட்ட சொல் ஏதும் காதில் விழும் என்று ஐயரே தயங்கினார். நான் கூறையோடு மணவறையில் இருந்தேன். அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடக்கப்போகிறது என்றே நினைத்தேன்.

கிண்ணியாவிலிருந்து தோணி ஏறித் தயிர் விற்க வரும், நாங்கள் அக்கா முறையில் அழைக்கும் கதீஜா ராத்தா, தன் மருமக்களோடு பந்தலுக்குள் இருந்தார். “மேளம் வராட்டிப் போகட்டும், மகள். எங்கட நாக்கு எங்க போச்சு?” என்று எழும்பினார். தாலி ஏறும்போது அவர்கள் போட்ட குரவைக்கு எங்கள் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். படங்கு அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பெரியப்பா வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டதைப் பார்த்தவர்கள் சொல்லி, பந்தியெல்லாம் சிரிப்பு. அக்கா சிரித்து நான் பார்த்த நாட்களில் அதுதான் பெரிய நாள். மனம் கேளாமல் நான் அங்கே கொஞ்சம் பலகாரம் அனுப்பலாமா என்று கேட்டேன். “சொல்லாத வீட்டுக்குப் பலகாரம் போகாது” என்று அக்கா பெட்டியை மூடினார்.

அதன் பிறகு எங்கள் பகுதியில் பல வீடுகளில் கலியாணம் அக்கா சொன்ன அளவில்தான் நடந்தது. வசதியில்லை என்று ஒரு பெண்ணின் கலியாணம் தள்ளிப் போவதாகக் கேள்விப்பட்டால், எக்ஸ்சேஞ்சில் வேலை முடிந்த கையோடு அந்த வீட்டில் நிற்பார். “ஆருக்குக் காட்டப் பெரிசாச் செய்யிறியள்? அவரை விட்டிட்டு மிச்ச ஆக்களுக்குச் சொல்லுங்கோ” என்பார்.

இப்போது செத்த வீட்டுக்கு வருவோம். செத்த வீட்டுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, கேள்விப்பட்டவர் வரலாம். அந்த வழக்கம் பெரியப்பாவுக்கு வசதியாகப் போய்விட்டது. தன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்கதிரையில் இருந்தார். “என்ரை சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தனான்” என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அழுதார். நான் அக்காவின் தலைமாட்டில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன். பெட்டி சுடலைக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, “கல்வெட்டைப் பெரிசா அடி, பிள்ளை. அதிலை நானும் வரவேணும்” என்றார்.

“ஓம் பெரியப்பா, வருவியள்” என்றேன்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். மன்னித்துவிடு என்று சிலர் சொல்கிறார்கள். கதீஜா ராத்தாகூடச் சொன்னார். மன்னிக்க வேண்டியவர் அக்கா. அவர் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அந்த அதிகாரம் இல்லை, விருப்பமும் இல்லை.

செத்த வீடு போல அல்ல அந்தியேட்டி. அதற்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். அடுத்த கிழமை நான்தான் போகிறேன். அக்கா, நீங்கள் நடந்த அதே தெருவால், ஒரு படலையும் விடாமல் போவேன். விறாந்தையில் அந்தக் கதிரை இன்னும் இருக்கிறது, அவரும் அதில் இருப்பார். நிம்மதியாகப் போங்கோ, அக்கா. அந்தப் படலையடியில் என் செருப்புக்குள்ளும் மண் போகும்.