கரைந்துவிட்டது என்று நான் சொன்ன கட்டி

சென்ற ஆண்டு பொங்கல் முடிந்த வாரம் அது. குளித்துவிட்டு முதுகைத் துவட்டும்போது, இடது தோள்பட்டைக்குப் பின்னால் துண்டு எதன் மீதோ ஏறி இறங்கியது. கையை வளைத்துத் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கு அடியில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். வலி இல்லை. அழுத்தினால் மெத்தென்று அமுங்கி, விரலுக்குப் பிடி கொடுக்காமல் நழுவியது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். முப்பது வருடம் கணக்கு ஆசிரியராகவும், கடைசியில் தலைமை ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். என் அண்ணன் புற்றுநோயில் இறந்தார். அவருக்கும் ஒரு கட்டியில்தான் ஆரம்பித்தது. அந்த நினைப்பு வந்த பிறகு என் படிப்பு எதற்கும் உதவவில்லை. செல்போனில் தேடினேன். படித்த ஒவ்வொன்றும் என்னைப் பாடையில் ஏற்றியது. சாப்பாடு பிடிக்கவில்லை. பிள்ளைகள் போன் செய்தால் லில்லியிடம் கொடுத்துவிட்டேன். என் மனைவி லில்லியிடமே ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

பிறகு எங்கள் ஊர்ச் சபையில் சொன்னேன். அங்கே எனக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அத்தனை பேரும் எனக்காக முழங்காலில் நின்றார்கள். அழுது ஜெபித்தார்கள். அவர்களில் ஒருவர் சகோதரி பாக்கியம். புளியங்கொட்டை தட்டி எடுக்கும் வேலைக்குப் போகிறவர். அவருடைய அனுமதியோடுதான் அவர் பெயரை இங்கே எழுதுகிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் லில்லியும் தருமபுரிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வெறும் கொழுப்புக் கட்டிங்க ஐயா. புற்றுநோய் இல்ல. தொந்தரவா இருந்தா எடுத்துக்கலாம், இல்லைனா அது பாட்டுக்கு இருக்கட்டும். வேகமா பெருசானாலோ, கெட்டியானாலோ, வலிச்சாலோ உடனே வாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று குழந்தையைப் போல அழுதேன். டாக்டர் சொன்னதுதான் ஜெபத்துக்குக் கிடைத்த பதில். அதை அப்படியே சபையில் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் போதகர் என்னிடம் மைக்கை நீட்டினார். எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. டாக்டரிடம் போனேன் என்று சொல்வது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. இத்தனை கண்ணீருக்கு ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டா பதில் என்று தோன்றியது. "கட்டி கரைந்துவிட்டது. டாக்டர் இல்லை, மருந்து இல்லை, ஜெபம் மட்டும்தான்" என்றேன். தகரக் கூரை அதிர அல்லேலூயா சொன்னார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதிப் பயனில்லை.

மறுநாள் லில்லி எனக்கு முதுகு தேய்த்துவிட்டாள்.

"கரைஞ்சு போன கட்டி மேலயும் சோப்புப் போடட்டுங்களா?"

"வாய மூடு" என்றேன்.

"நானு மூடிக்கறேன். மேல இருக்கறவரு கண்ண மூடிக்குவாருங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாக்கியம் என்னிடம் வந்ததையும் சொல்ல வேண்டும். முந்தானையை விலக்கி, காதுக்குக் கீழே கழுத்தோரம் காட்டினார். நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம்.

"சார், எனக்கும் உங்குளுதாட்டமே மெத்துனு கெடக்குது. ஊசி குத்தி எடுத்துப் பாக்கணும்னு ஆஸ்பத்திரில சீட்டு குடுத்துருக்காங்க. உங்க சாட்சியக் கேட்ட பொறவு எனக்கு எதுக்குங்க சார் ஊசி?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. "கர்த்தர் மேல பாரத்தப் போடும்மா" என்றேன். அந்தச் சீட்டை அவர் நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, பாக்கியத்தின் கணவர் கோவிந்தன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் எங்கள் சபைக்கு வருகிறவர் அல்ல. உள்ளே கூப்பிட்டேன்.

"உக்கார வரலீங்க சார். உங்களால என் பொண்டாட்டி சாவப் போறா. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்."

நான் வாசலுக்கு இறங்கிப் போனேன்.

"பொழுது சாஞ்சா காய்ச்ச வருது. சோறு எறங்கல. கழுத்துக் கட்டி ரெண்டு பங்காயிருச்சு. வாடி ஆஸ்பத்திரிக்குன்னா, 'சாருக்குக் கரைஞ்சுது, எனக்குக் கரையாதா'ங்கறா. நானு கைநாட்டுங்க, எம் பேச்சு எடுபடல. நீங்க படிச்சவரு. நீங்கதான் சொன்னீங்க. நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். லில்லி சட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். "கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான்.

பாக்கியம் வேலை செய்யும் புளிக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் பாதியாக இளைத்திருந்தார். கழுத்தெலும்பு துருத்தி நின்றது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "பாக்கியம், எனக்குக் கட்டி கரையலம்மா. டாக்டரைத்தான் பாத்தேன். சபையில நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "என் விசுவாசத்தச் சோதிக்கறீங்களா சார்? போதகர் ஐயா அனுப்புனாருங்களா? நானு அசர மாட்டனுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது, உண்மையைச் சொல்வதுதான் கஷ்டம், சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். என் பொய்யை ஒரே தடவையில் நம்பியவர், என் உண்மையை எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. நான் சொல்லச் சொல்ல, அவர் இன்னும் உறுதியாகச் சிரித்தார்.

வேறு வழி தெரியவில்லை. அத்தனை பெண்களுக்கும் நடுவில் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

"அய்யோ, என்னாடி இது, சாரு சட்டையக் கழட்டறாரு!"

"வெய்யலு மண்டைக்கு ஏறிப்போச்சாட்டம் இருக்குது."

சிரிப்புச் சத்தம் எழுந்தது. நான் பனியனையும் கழற்றி, முதுகைத் திருப்பி, "தொட்டுப் பாரும்மா" என்றேன். பாக்கியம் புளி ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டார். அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் தட்டும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"அப்பிடியே இருக்குதுங்களே சார்."

"ஆமாம்மா."

"அப்ப எதுக்குங்க சார் அப்பிடிச் சொன்னீங்க?"

ஆயிரம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். அன்று குனிந்து என் பனியனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அன்று மாலை லில்லியும் நானும் முழங்காலில் நின்றோம். "ஆண்டவரே, எனக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டீர். நான் அதை உமக்கு விரோதமாகவே செலவழித்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். அந்தப் பெண்ணுக்குக் காலம் கடந்திருக்கக் கூடாது" என்று கேட்டேன். என் கட்டிக்காக நான் அப்படி ஜெபித்ததில்லை.

மறுநாள் பாக்கியம் அந்தச் சீட்டை எடுத்துக்கொள்ள, கோவிந்தன், லில்லி, நான் என நான்கு பேரும் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம். ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே நீளமான வாரம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாட்சி நேரத்தில் நானே எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு மூப்பர் என் கையைப் பிடித்து, "போதுங்க சார், வெளிய தெரிஞ்சா சபைக்குத்தான் அசிங்கம்" என்று காதோடு சொன்னார். நான் உட்காரவில்லை. சொல்லி முடித்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மட்டும் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. கழுத்து நெறிகட்டியில் வந்த காசநோய். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஒடைஞ்சு சீழ் வெச்சிருக்கும், ஒடம்புல வேற எடத்துக்கும் போயிருக்கும். இப்ப மாத்திரையிலயே குணமாயிடும். ஆறு மாசம், ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார் டாக்டர்.

கோவிந்தன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "டாக்டர் சொன்னது இவ்வளவுதானுங்களே சார்? வூட்டுக்குப் போயி நீங்க ஏதும் சேத்துச் சொல்லீற மாட்டீங்களே?" என்றார். பாக்கியம் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான் கிடைத்தது.

மாத்திரை ஆரம்பித்த நாட்களில் பாக்கியத்துக்கு வாந்தி வந்தது. தலை சுற்றியது. ஒரு நாளும் விடவில்லை. வேலைக்கும் போனார். மூன்றாவது மாதம் வீக்கம் வற்றத் தொடங்கியது. அக்டோபர் கடைசியில் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அதற்குள் பாக்கியத்தின் கன்னத்தில் சதை வந்துவிட்டது.

நான் சபையில் வகித்த பொறுப்பை விட்டுவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எனக்குப் பெருமை நிறைய இருக்கிறது. பாக்கியத்தை நினைத்துப் பெருமை. என்னை ஒரு வார்த்தை திட்டாமல் கிளப்பி அனுப்பிய லில்லியை நினைத்துப் பெருமை. வாசலில் வந்து நின்று என்னை நேருக்கு நேர் கேட்ட கோவிந்தனை நினைத்துப் பெருமை. இன்று எங்கள் சபையில் யாராவது வியாதிக்கென்று ஜெபம் கேட்டால், "டாக்டரப் பாத்தாச்சுங்களா?" என்று முதலில் கேட்கிறோம். பார்க்காதவரோடு எங்களில் யாராவது ஒருவர் துணைக்குப் போகிறார். இப்படி ஒரு சபையில் நானும் ஒருவன் என்று தலை நிமிர்ந்து சொல்வேன்.

நவம்பர் முதல் ஞாயிறு பாக்கியம் சாட்சி சொல்ல எழுந்தார்.

"எனக்காவ ஜெபம் பண்ணுனீங்க. நானு மாத்திர முழுங்குனன். ரெண்டும் கர்த்தர் குடுத்ததுதான். சாரு மேல எனக்கு இருந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்லீங்க. ஆனா எனக்காவ ஒரு மனுசன் அத்தன பொம்பளைங்க முன்னால மானத்த வுட்டுட்டு நின்னாரு பாருங்க, அப்பவே எனக்குப் பாதி சொகமாயிருச்சு."

சபை சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. கடைசி வரிசையில், முதல் தடவையாக வந்திருந்த கோவிந்தன் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அன்பானவர்களே, உங்கள் உடம்பில் ஒரு கட்டி தெரிந்தால் பயந்து மறைக்காதீர்கள். ஜெபியுங்கள். அதே வாரத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். நம் ஆண்டவர் நேரம் கொடுக்கிறவர், வழியும் கொடுக்கிறவர். தைரியமாக அவரிடம் கேளுங்கள். அவர் கொடுத்ததைக் கொடுத்தபடியே சொல்லுங்கள். அவருடைய மகிமைக்கு நம் பொய் தேவையில்லை.