இடது கண்ணில் இறங்கிய புகை

எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதக் காலை. திண்டிவனத்திலிருந்து திருவாமாத்தூர் கோயிலுக்கு எங்கள் அம்பாசிடரில் போய்க்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியவர் என் கணவர். டாக்ஸி ஓட்டித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. பின் சீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள், பேரக் குழந்தைக்கு மொட்டை போடுவதற்காக வந்திருந்தார்கள். முன் சீட்டில் நான்.

அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சென்னையில் கண்டுபிடித்தார்கள். அந்த நோயை வளர்க்கும் ஆண் ஹார்மோன் சுரக்கிற விதையை எடுத்துவிடும் ஆபரேஷனுக்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதனால் பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். நோய் அடங்கியது. ஆனால் மார்பு பெண்களுக்குப்போல வீங்க ஆரம்பித்தது. வீட்டில் துண்டோடு உலாவிய மனிதர் தூங்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றவில்லை. மாத்திரை விஷயம் எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

விக்கிரவாண்டி தாண்டியிருப்போம். ரோட்டின் இடது ஓரமாக மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். என் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிந்தது. இவரோ ஒதுங்கவே இல்லை.

"ஏங்க, வண்டி! வண்டி!" என்று கத்தினேன்.

அவர் ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் காரின் இடது பக்கம் வண்டிச் சக்கரத்தை உரசிக்கொண்டே போனது. மாடுகள் மிரண்டு பள்ளத்தில் இறங்கின. குழந்தை வீறிட்டு அழுதது. தெய்வாதீனமாக யாருக்கும் அடியில்லை.

வண்டிக்காரர் ஓடி வந்தார். "யோவ், கண்ணு இன்னா பொடரியிலயா கீது? எம்மாம் பெரிய வண்டி போய்க்கினு இருக்குது!"

வழக்கமாக இவர் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவர். அன்று இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே நின்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

தனியே அழைத்துப்போய்க் கேட்டேன். "நாலஞ்சு நாளா இடது கண்ணு பொகை மூட்டமா கீது. பக்கமா தூரமான்னு புரிபடல. வலி ஒன்னும் இல்ல. தானா சரியாப்பூடும்னு இருந்துட்டேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.

காரை அங்கேயே ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரைத் தேடிப் போனோம்.

அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெகு நேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று விசாரித்தார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒன்னும் இல்லீங்க" என்றார் இவர்.

நான் அவரைப் பார்த்தேன். சொல்லாதே என்று அவர் முகம் கெஞ்சியது. ஆனால் சற்று முன் கேட்ட குழந்தையின் அழுகை காதைவிட்டுப் போகவில்லை.

"சாப்பிடறாருங்க" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் நர்ஸை வெளியே அனுப்பினார். நாற்காலியை இவர் பக்கம் நகர்த்திக்கொண்டு, தலை வலிக்கிறதா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்: "மார் வலிக்குதாங்க ஐயா?"

இவர் சட்டையை மார்பில் படாமல் இழுத்துப் பிடித்தார். பிறகு, "ஆமாம்மா. சட்டை பட்டாலே வலிக்குது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீங்கியிருப்பது தெரியும். வலி இருப்பது தெரியாது.

அந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தை உறைய வைக்கும், கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய் அப்படி அடைபட்டு ரத்தம் கசிந்திருக்கலாம் என்றார் டாக்டர். சர்க்கரை, பிரஷரையும் பார்த்துவிடச் சொன்னார். "இதே அடைப்பு காலுக்கோ நெஞ்சுக்கோ வந்தா உயிருக்கே ஆபத்து. நீங்களா எதையும் செய்யாதீங்க. நாளைக்கே மருந்து கொடுத்த டாக்டரைப் பாருங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோபம் என்று நினைத்தேன். திண்டிவனம் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கேட்டதும் மனசுல இருந்த பாரம் எறங்கிப்போச்சு."

சென்னை டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அத்தனை நாள் மறுத்த ஆபரேஷனுக்கு இவரே சம்மதித்தார். இடது கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பவில்லை. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்கு டிரைவர் வைத்தோம். அதற்குப் பிறகும் பல வருடம் நன்றாக இருந்து, பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் கேட்கத் தயங்கியதை முன்பின் தெரியாத ஒரு பெண் இரண்டே வார்த்தையில் கேட்டுவிட்டாள். உடம்பில் வெட்கப்பட வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை என்பது அன்று புரிந்ததால், இன்றுவரை என் வீட்டில் யார் முகம் வாடினாலும் எங்கே வலிக்கிறது என்று நானே வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.