விரலுக்கு ஒரு குழி

என் வீட்டுக்காரருக்கு வலதுகை நடுவிரல் நுனி வீங்கியபோது, பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள். நகச்சுற்று என்றார்கள். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகச் சொன்னார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரான அவர் விரலில் பழத்தோடு கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்களாம். பழம் அழுகியதே தவிர விரல் பழுக்கவில்லை. அவருக்கு வெகுநாளாக இருமலும் இருந்தது. சுருட்டுப் பழக்கம்தான் காரணம் என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

வலி தூங்கவிடாமல் ஆட்டிவைத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கீறிப் பார்த்தார். சீழ் இல்லை, இரத்தம்தான் வந்தது. உடனே அவர் விரலை விட்டுவிட்டு நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கையைக் காட்ட வந்தவரின் நெஞ்சில் இவர் என்ன தேடுகிறார்?

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "நோய் நுரையீரல்ல இருக்கும்மா. புற்று. அங்கனருந்து விரல் எலும்புக்கு வந்திருக்கு. இப்படி வரும்னு படிச்சிருக்கேன், பாக்கது இதுதான் முதல்." விரலை எடுத்தால் வலி போகும், ஆனாலும் உயிர் நிற்காது என்றார். பிள்ளையில்லாத வீடு எங்களுடையது. அவரிடம் மறைத்த அந்தச் செய்தியைச் சொல்லி அழ எனக்கு வேறு ஒருவரும் இல்லை.

விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. உயிர்த்தெழும் நாளில் குறைபட்ட கையோடு நிற்கவேண்டுமோ என்று பயந்தார். பூகோளம் சொல்லிக்கொடுக்கிற மனுஷன்! எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத நம்ம கல்லறத் தோட்டத்துல கொண்டு வச்சிருதேன். நீங்களும் அங்கனதான வரப்போறிய?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் என்னையே பார்த்தார். மறுநாள் சம்மதித்தார்.

எடுத்த விரலைத் துணியில் சுற்றித் தந்தார்கள். அவரை வீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் மட்டும் போனேன். ஒரு விரலுக்குக் கோயில் மணி அடிப்பார்களா, ஜெபம் சொல்ல உபதேசியார்தான் வருவாரா? குழி வெட்டுகிறவர் யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். மதில் ஓரமாக ஒரு முழம் தோண்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். துணியோடு அதை வைத்து நானே மண்ணைத் தள்ளினேன். இதைவிடத் தனியாக ஒருத்தி நிற்க முடியாது என்று அப்போது நினைத்தேன்.

வீட்டில் அவர் விழித்திருந்தார். "எங்கன வச்ச?" என்று கேட்டார். மதில் ஓரம், வேப்பமரத்துப் பக்கம் என்றேன்.

"நல்ல எடம். மிச்சத்த நீ தனியாத் தூக்காண்டாம். நாலு பேரக் கூப்பிட்டுக்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அன்று அவர் வலியில்லாமல் தூங்கினார்.

மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார். நாலு பேர் என்ன, பள்ளிக்கூடமே வந்து சுமந்தது. மணியும் அடித்தார்கள். எல்லாரும் கலைந்த பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். விரலைப் புதைத்துவிட்டு வந்த அன்று, எங்கே வைத்தாய் என்று கேட்க உள்ளே ஒருவர் இருந்தார்.