ப்ரீவியஸ் பட்டன்

அன்று காலை முழுவதும் என் மகளின் பி.பி. 110/70 என்றே இருந்தது. அவள் மாடியில் மெடிக்கல் வார்டில், எட்டாம் படுக்கையில், டெங்குக் காய்ச்சலோடு படுத்திருந்தாள். நான் அதே மருத்துவமனையில், கீழே சர்ஜிக்கல் வார்டில் டூட்டியில் இருந்தேன். டெங்கு சீசனில் எங்களுக்கு லீவு கிடையாது. ஆனால் எந்த வார்டு கம்ப்யூட்டரிலும் எந்த நோயாளியின் சார்ட்டையும் திறக்கலாம். கை ஓய்ந்தபோதெல்லாம் திறந்து பார்த்தேன். 110/70, பல்ஸ் 84. மறுபடியும் 110/70, பல்ஸ் 84. ‘கர்த்தரே, நன்றி’ என்று சொல்லிவிட்டு அடுத்த டிரெஸ்ஸிங்குக்குப் போனேன்.

நான் படித்த நர்சிங் பள்ளியிலிருந்து, கடைசி வருட மாணவிகளுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வார்டில் நடந்த வேடிக்கைகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போன மழைக்காலத்தில் நடந்த இதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அதனால் இதையே எழுதுகிறேன்.

1. கீபோர்டு வந்த நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாமே கையெழுத்து. கேஸ் ஷீட் படுக்கையின் கால்மாட்டில் தொங்கும். பி.பி. பார்த்த கையோடு அங்கேயே நின்று எழுதிவிடுவோம். அதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதிய டோஸில் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், மூன்று பேர் சேர்ந்து ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறோம். புள்ளி தவறினால் மருந்து பத்து மடங்கு போய்விடும். கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றபோது நான் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு டைப்பிங் தெரியும். பிளஸ் டூ முடித்து நர்சிங் சீட் கிடைக்கும்வரை ஆனையூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர் பாஸ் செய்திருந்தேன். பாக்கியம் அக்காவுக்குத் தெரியாது. அவர் மெடிக்கல் வார்டின் சீனியர் சிஸ்டர், கொட்டாம்பட்டிக்காரர். நான் புதிதாக வந்தபோது, அழுகிற குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஒரே ஒரு மதியம் பாடம் எடுத்தார். பாக்கியம் அக்கா ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு ‘பி’ எங்கே இருக்கிறது என்று தேடினார்.

“என்ன தம்பி, ஏ பி சி டின்னு வரிசையா வைக்க மாட்டீகளா? களவாணி பூந்து கலைச்சுப் போட்ட வீடு மாதிரில்ல கெடக்கு.”

“பழகிரும் சிஸ்டர்.”

“எப்ப? நான் ரிட்டயர் ஆன பொறகா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தத் தம்பியும் சிரித்தார். “கஷ்டமா இருந்தா இந்த ப்ரீவியஸ் பட்டனை அமுக்குங்க. போன தடவை போட்டது அப்படியே வந்து விழுந்துரும். மாறினதை மட்டும் திருத்தினாப் போதும்” என்றார்.

“அட, இதை மொதல்லயே சொல்லியிருந்தா அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போயிருப்போம்ல” என்றார் பாக்கியம் அக்கா.

2. சிவப்பு வரி

பழைய முறையில் எழுதுவது படுக்கையருகே நடந்தது. இப்போது கம்ப்யூட்டர் வார்டின் ஒரு கோடியில், நர்சிங் ஸ்டேஷனில் இருக்கிறது. படுக்கையில் பி.பி. பார்த்து, பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து டைப் செய்ய வேண்டும். நடுவில் ஒருவருக்கு டிரிப் தீர்ந்திருக்கும், இன்னொருவர் வாந்தி என்று கூப்பிடுவார். கிருமி போக ஹேண்ட் ரப் போட்டுக் கையைத் தேய்த்தால் குறித்ததும் அழிந்துவிடும். திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு என்ட்ரி போடவில்லை என்றால் அந்த வரி சிவப்பாக மாறும். மேட்ரனின் போனுக்குத் தகவல் போகும். மாதக் கூட்டத்தில், அதிகமாகச் சிவப்பு விழுந்தவர்களின் பெயரை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். பெரும்பாலும் முதல் பெயர் பாக்கியம் அக்காவுடையது. பி.பி. பார்க்க ஆகிற நேரத்தைவிட அதை டைப் செய்ய அவருக்கு அதிக நேரம் ஆனது.

ஒருமுறை கூட்டத்திலேயே எழுந்து, “மேடம், ஒரு மாசம் பழக டைம் குடுங்க. டூட்டி நேரத்துலயே அரை மணி ஒதுக்குனாக்கூடப் போதும்” என்று கேட்டார்.

“எல்லாரும் செய்றாங்கல்ல சிஸ்டர்? பழகிக்கோங்க” என்று மேட்ரன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

“டூட்டி முடிஞ்சதும் கொஞ்ச நேரம் உக்காருங்கக்கா, நான் சொல்லித் தாரேன்” என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

“போடி இவளே. கொட்டாம்பட்டி பஸ்ஸை விட்டா மாட்டுத்தாவணியில தேவுடு காக்கணும். வீட்டுல ஒலை வைக்கிறது யாரு? நீ வாரியா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த மாதத்திலிருந்து அவர் பெயர் கூட்டத்தில் வரவில்லை. பழகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

3. எட்டாம் படுக்கை

மகள் பெயர் ஜெனி. கல்லூரியில் முதல் வருடம். அன்று அவளோடு என் கணவர் இருந்தார். உச்சிவேளைக்கு முன்னால் எனக்குப் போன் செய்தார்.

“எஸ்தர், காய்ச்சல் விட்டிருச்சு. ஒடம்பு நல்லாக் குளுந்துருச்சு. இனிமே பயமில்ல.”

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கும் தெரியும். உடனே சார்ட்டைத் திறந்தேன். 110/70, பல்ஸ் 84. அதைவிட நல்ல எண் இருக்க முடியாது. மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அடுத்த என்ட்ரி வந்தபோது மறுபடி திறந்தேன். அதே 110/70. அதே 84. இந்த முறை வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். நாலு வரிகள், அச்சடித்தது மாதிரி ஒன்றாக இருந்தன. இத்தனை வருடத்தில் நான் பிடித்த எந்தக் கையிலும் பல்ஸ் மணிக்கு மணி ஒரே எண்ணாக இருந்ததில்லை. தூங்கினால் இறங்கும். டாக்டரைப் பார்த்தாலே ஏறும்.

டிரேயைப் பக்கத்தில் இருந்த சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

ஜெனி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். நூல் மாதிரி மெலிந்து, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

“வயிறு வலிக்குதும்மா” என்றாள். “காலையிலருந்தே வலிக்குது. நீ டூட்டியில இருப்பேன்னு சொல்லல.”

பி.பி. கருவியை இழுத்து நானே கட்டினேன். 88/74. மேல் எண்ணும் கீழ் எண்ணும் இப்படி நெருங்கினால், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் ஷாக்குக்குப் போகிறது என்று அர்த்தம். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. டூட்டி டாக்டர் ஓடி வந்தார். பின்னாலேயே பாக்கியம் அக்கா வந்தார். கருவியில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

“இப்பத்தானே…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

உடனே டிரிப் வேகமாக ஏற்ற வேண்டும். கையில் ஏற்கெனவே போட்டிருந்த ஊசி அடைத்துவிட்டது. டாக்டர் இரண்டு இடத்தில் குத்தினார், நரம்பு சிக்கவில்லை. நான் ஜெனியின் தோளைப் பிடித்துக்கொண்டேன், ஊசியைத் தொடவே இல்லை. பாக்கியம் அக்கா டாக்டரைத் தோளால் விலக்கிவிட்டு, ஜெனியின் முழங்கைக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைத்துத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரே குத்து. இரத்தம் திரும்பி வந்தது.

“ஏறிருச்சு டாக்டர். திறந்து விடுங்க.”

‘பி’ எங்கே என்று தேடிய அதே விரல்.

4. மேட்ரன் அறை

ஐ.சி.யூ. வாசலில் நான் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி எழுத முடியவில்லை. ஜெனி பிழைத்தாள். அது போதும்.

அவளை வார்டுக்கு மாற்றிய பிறகு என்னை மேட்ரன் அறைக்குக் கூப்பிட்டார்கள். பாக்கியம் அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். அன்று காலையில் அவர் ஜெனிக்கு ஒரே ஒருமுறைதான் பி.பி. பார்த்திருக்கிறார். மற்றது எல்லாம் ப்ரீவியஸ் பட்டன். யார், எப்போது அமுக்கினார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் வைத்திருந்தது.

“ஏன் சிஸ்டர் இப்படிப் பண்ணுனீங்க?”

“வார்டு நெறைஞ்சு கெடந்துச்சு மேடம். எட்டாம் நம்பருக்குக் காய்ச்சல் விட்டிருச்சுன்னு அவுக அப்பா சொன்னாக. புள்ளயும் தூங்குச்சு. செவப்பு விழுந்துரக் கூடாதேன்னு அமுக்குனேன். பொறகு போயிப் பார்த்துத் திருத்திருவோம்னு நெனச்சேன். போறதுக்குள்ள அடுத்த மணி வந்துருச்சு.”

“டைப்பிங் வரலைன்னா சொல்லியிருக்கணும்ல?”

“சொன்னேனே மேடம். பழகிக்கோங்கன்னீங்க.”

மேட்ரன் என் பக்கம் திரும்பினார். “நீங்க எழுத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுங்க எஸ்தர். உங்க பிள்ளைதானே?”

“குடுக்குறேன் மேடம். அவுக செஞ்சதையும் எழுதுறேன். கூட்டத்துல எந்திரிச்சு ஒரு மாசம் டைம் கேட்டதையும் எழுதுறேன்.”

“ரெண்டாவது எதுக்கு? அது வேண்டாம்.”

“அப்பன்னா ஒண்ணாவதும் வேண்டாம் மேடம்.”

நான் எதுவும் எழுதித் தரவில்லை. அதனால் எந்தப் பயனும் இல்லை. ராஜினாமா செய்யச் சொல்லி அந்த வாரமே பாக்கியம் அக்காவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

கடைசி நாள் அவர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். கையில் துணிப்பை. அதில் அவருடைய வெள்ளைச் செருப்பு.

“புள்ள கை சூடா இருக்கா எஸ்தரு?”

“இருக்குக்கா.”

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. அன்று அவர் நரம்பைப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

5. பிளாஸ்டர் ஒட்டிய கீபோர்டு

இப்போது எல்லா ஸ்டேஷனிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்: வைட்டல்ஸ் (பி.பி., பல்ஸ்) பதிவில் ப்ரீவியஸ் பட்டனைப் பயன்படுத்தக் கூடாது. பட்டன் அங்கேயேதான் இருக்கிறது. சிவப்பு வரியும் இருக்கிறது.

ஸ்டோரில் கிடந்த ஒரு பழைய கீபோர்டைக் கேட்டு வாங்கி, டிரெஸ்ஸிங் ரூமில் வைத்திருக்கிறேன். எழுத்துகள் மேல் பிளாஸ்டர் வெட்டி ஒட்டியிருக்கிறேன். பார்த்து அடிக்கிறவரை வேகம் வராது. டூட்டிக்கு முன்னால், டீ குடிக்கிற நேரத்தில், என் வயதுச் சிஸ்டர்கள் நாலைந்து பேர் வந்து உட்காருகிறார்கள்.

“கண்ணைக் கட்டிக் காட்டுல விடுறியேடி” என்று அவர்களில் ஒருத்தியான செல்வி திட்டுவாள்.

“நரம்பைக் கண்ணால பார்த்தா பிடிக்கிற? விரலாலதானே? இதுவும் அப்படித்தான்” என்பேன்.

பாக்கியம் அக்காவிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டிய நாளில், எனக்கு இந்த வார்த்தை வரவில்லை.

படித்து முடித்து வரப்போகிற பிள்ளைகளே, டைப்பிங் பழகிக்கொண்டு வாருங்கள். வேகமாக அடித்துப் பாராட்டு வாங்க வேண்டும் என்பதில்லை. கீபோர்டுக்குப் பயப்படுகிற நர்ஸ் நோயாளியை விட்டுவிட்டுத் திரையைக் காப்பாற்றப் பார்ப்பாள். பழகாமல் வேலைக்கு வந்துவிட்டால், வரியைச் சிவப்பாக விடுங்கள். கூட்டத்தில் உங்கள் பெயரை வாசிக்கட்டும். பேனாவால் எழுதினாலும் விசையால் அடித்தாலும், முதலில் கை நோயாளியின் மேல் இருக்க வேண்டும்.

ஜெனி மறுபடி கல்லூரிக்குப் போகிறாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், கை கேட்பதில்லை. பஸ்ஸுக்கு நேரமானாலும் அவள் கையை உருவிக்கொள்ள மாட்டாள்.

“எம்புட்டும்மா?”

“எழுபத்தெட்டு.”

“நேத்து எம்பத்தொண்ணு சொன்ன.”

“ஆமா. மாறும்.”

“மாறலைன்னாத்தான் நீ ஓடி வருவியே” என்று சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அந்த வார்த்தைக்கு இன்னும் என்னால் சிரிக்க முடியவில்லை.