கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்

ஜாக்கெட் தைக்கிற கடையில் உண்மையைப் பேசுவது டேப் ஒன்றுதான். அதனால்தான் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் அதைக் கிட்டவே விடுவதில்லை. நான் பிறந்தது கடலூர், வாழ்க்கைப்பட்டதும் கடை வைத்ததும் சிதம்பரம். எனக்கும் மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. வயிறு தன்பாட்டுக்கு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன். என்னைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹூக் மாட்டும் சகோதரிகளே, இது நம் எல்லோர் கதையும்தான்.

சுருங்குகிற துணி

எங்கள் பக்கத்தில் யாரும் நின்று அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதே மாதிரி தைச்சிடு" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அளவு ஜாக்கெட் என்று அதற்குப் பேர். விலக்கு நிற்கிற வயதில் இந்த வழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும். உடம்பு மாறியிருக்கும், அளவு ஜாக்கெட் மாறியிருக்காது.

பெண்ணாடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பின்னால் உதவட்டும் என்று உள்ளே மடித்து விட்டிருந்த துணியையெல்லாம் அந்த அளவு ஜாக்கெட்டில் ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. இனிப் பிரிக்கத் தையலே இல்லை. போட்டுப் பார்த்தால் முழங்கையோடு நின்றுவிட்டது. சாப்பாட்டைக் கூட்டவில்லை, நடையைக் குறைக்கவில்லை என்று அவரே வருத்தப்பட்டார். "புதுசா அளவு எடுத்துடலாமா டீச்சர்?" என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "வேணாம் ஸ்டெல்லா. எங்க ஊரு தண்ணியில துணி ஜாஸ்தி சுருங்குது. நீ ஒரு இஞ்ச் சேத்து வெட்டிடு."

மார்கழியில் ஃபேன்

ஜமீலா பரங்கிப்பேட்டைக்காரர், வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ஒரு மார்கழிக் காலையில் சுடிதார் போட்டுப் பார்க்க வந்தார். குளிரில் எனக்குக் கத்தரி பிடிக்கக் கை வரவில்லை. அவரோ திடீரென்று முகம் சிவந்து, வேர்வை கொட்ட, ஃபேனுக்குக் கீழே போய் நின்றார். நான் எழுந்து அதை வேகமாக வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அனல் வந்த மாதிரியே போய்விட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கழுத்து டிசைனைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் இடியாப்பம் பிழிந்து, படுக்கையில் கிடக்கிற மாமியாரைக் குளிப்பாட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம், இந்த வயதில் இப்படி வரும், எடையும் ஏறும், பயப்பட வேண்டாம் என்றார்களாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்: "வயசுக்கு வந்தப்ப ஊரையே கூட்டிச் சோறு போட்டாங்க ஸ்டெல்லா. இப்ப அது நின்னு போவுது, என்னா பண்ணுதுன்னு வூட்டுல ஒரு ஆளு கேக்கல."

தாரை வார்க்க யார்?

வசந்தா, அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருப்பவர். ஒரே மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பட்டு ஜாக்கெட்டுக்கு அவர் கொடுத்த அளவு ஜாக்கெட், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தது. "கல்யாணத்துக்குள்ள இதுல நொழஞ்சிடுவேன்" என்று சபதம் போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டார். வயிறு அசையவில்லை, கன்னம்தான் ஒட்டிப்போனது. ஒருநாள் கடைப் படியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தாரை வாக்க எந் தங்கச்சியும் அவ வூட்டுக்காரரும் நிக்கட்டும். இந்த ஒடம்போட நான் மேடையில நின்னு கையத் தூக்குனா வீடியோவுல காலத்துக்கும் இருக்கும்." எனக்குக் கோபம் வந்தது. பெற்றவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கையில் இன்னொருத்தி தண்ணீர் ஊற்றுவதா? "எழுந்திரிங்க. கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்" என்று அதட்டினேன். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் டேப்பைச் சுற்றினேன், இஞ்சை வாய்விட்டுச் சொல்லவில்லை. தைத்ததைப் போட்டுப் பார்த்தவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேடையில் யார் நிற்கப் போகிறார்கள் என்று தெரியாமலேதான் கல்யாணத்துக்குப் போனேன். வசந்தாவே நின்றார். செம்பை உயரத் தூக்கி ஊற்றினார், தண்ணீர் சீராக இறங்கியது. இத்தனை வருஷம் எத்தனையோ உடம்புகளுக்குத் தைத்திருக்கிறேன். ஒரு பெண் இவ்வளவு பெரிதாக நின்று நான் பார்த்ததில்லை. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன், பின்வரிசைக்காரர் மறைக்குது என்று சத்தம் போட்டார். பந்தியில் வசந்தா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்: "செம்பத் தூக்குனேன், அக்குள்ல எங்கயும் புடிக்கல. அப்பறம் ஜாக்கெட் ஞாவகமே வரல ஸ்டெல்லா, எம் பொண்ணு மூஞ்சியத்தான் பாத்துக்கினே இருந்தேன்."

உடம்பு மாறினால் மாற்ற வேண்டியது ஜாக்கெட்டைத்தான் என்கிற இந்தச் சின்ன விஷயம் விளங்க, நமக்கெல்லாம் ஐம்பது வயது ஆக வேண்டியிருக்கிறது.