நீல ரிப்பனும் விரிந்த கையும்

என் தங்கை ரெஜினாவின் கையை நான்தான் விட்டேன் என்று இருபத்திரண்டு வருடங்கள் நம்பியிருந்தேன்.

வெள்ளவத்தைக் கடல். ஒரு ஞாயிறு பின்னேரம். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஏழு. அலை எங்கள் இருவரையும் இழுத்துப்போனது. யாரோ என்னைக் கரை சேர்த்தார்கள். கண் விழித்தபோது என் கை வெறுமையாக இருந்தது. ரெஜினா கிடைக்கவேயில்லை. அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஈரத்துணி பிழியும்போதெல்லாம் அந்தச் சின்ன விரல்கள் என் உள்ளங்கையில் நழுவும். எனக்கு மகள் பிறந்த பிறகும், வீதி கடக்கும்போது அவள் கையைப் பிடிக்கப் பயம். சட்டையைத்தான் பிடிப்பேன்.

ஜெபத்தில் ஒன்றைத்தான் கேட்டேன்: ஆண்டவரே, என் கை எப்படி விட்டது என்று காட்டும்.

நான் சித்திர ஆசிரியை. போன தவக்காலத்தில் ஒரு படம் வரைந்தேன். கறுத்த கடலில் மரம்போல ஒரு கை. விரிந்த விரல்களுக்கிடையால் நீல ரிப்பன் ஒன்று பறந்து போகிறது. அன்று ரெஜினா தலையில் கட்டியிருந்தது. கீழே, 'வெள்ளவத்தைக் கடலில் போன தங்கைக்கு' என்று எழுதினேன். எங்கள் பங்குக் கோயில் மண்டபக் கண்காட்சியில் அதை வைத்தார்கள்.

இரண்டாம் நாள், வத்தளையிலிருந்து வந்த வயதானவர் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். வரைந்தது நான்தான் என்று சொன்னேன்.

"மகள், இந்தக் கை விரிஞ்சிருக்கக் கூடாது," என்றார்.

"ஏன் அங்கிள்?"

"நீங்க பிள்ளையை விடேல்ல. ரெண்டு பேரையும் இழுக்க எனக்குப் பலம் காணேல்ல. உங்கட விரலை ஒண்டொண்டாப் பிரிச்சது நான். திரும்பிப் போய்த் தேடினனான். ரிப்பன் ஒருக்காத் தெரிஞ்சது. பிறகு ஒண்டுமில்ல."

அவரை வெறுத்தேன். சில நிமிடங்கள் உண்மையாகவே வெறுத்தேன். பிறகு அவர் மீதியையும் சொன்னார். அன்று பெயர் சொல்லாமலே போய்விட்டாராம். அவரும் இத்தனை வருடம் மன்னிப்புக் கேட்டு ஜெபித்திருக்கிறார். இருவரும் கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.

"நான் கேட்டா நீ உடைஞ்சு போவாய் எண்டு பயந்தனான்," என்றார் அம்மா.

இப்போது நாங்கள் ரெஜினாவைப் பற்றிக் கதைக்கிறோம். கடல் இன்னும் என் கனவில் வருகிறது. ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். யாரிடமும் கேட்கமுடியாத கேள்வி உங்களிடமும் இருந்தால், அவரை நம்பிக் கேளுங்கள். பதில் வலிக்கலாம். எனக்கு வலித்தது. அது வராமல் இருந்திருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.